குழலை நிறுத்திய கை

விண்ணப்பப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றின் மேல் ‘மரபு’ என்றும் மற்றொன்றின் மேல் ‘தற்காலச் சிந்தனை’ என்றும் போட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் நூறு சொற்கள். பழைய முறையில் இயங்கும் கண்ணாடி உலை ஒன்றில் இருந்து வேலை செய்து, இன்றைக்கான ஒரு பொருளைப் படைக்க வேண்டும் என்பது போட்டியின் விதி. எது மரபிலிருந்து வந்தது, எது வடிவமைப்பாளரின் மூளையிலிருந்து வந்தது என்று நடுவர்கள் பிரித்துப் பார்க்க வசதியாக அந்தக் கட்டங்கள். கால் மணி நேரத்தில் நிரப்பிவிட்டேன். மரபுக் கட்டத்தில், ரோமானியர் காலத்துக் கண்ணாடிக் குப்பியின் சாயலில் ஒரு வடிவம் என்று எழுதினேன். நேரான உடல், செங்கோணமாகத் திரும்பும் தோள், நீண்ட கழுத்து, இருபுறமும் கைப்பிடி. அருங்காட்சியகப் படங்களைப் பார்த்துப் பார்த்து மனதில் ஊறிப்போன வடிவம். தற்காலக் கட்டத்தில், அந்தக் குப்பியை இரண்டாகப் பிரித்து, மேல்பாதியை மையிருட்டாகவும் கீழ்ப்பாதியைத் தண்ணீர்போலத் தெளிவாகவும் ஆக்கி, மயிரிழைக் கோட்டில் சேர்க்கப்போகிறேன் என்று எழுதினேன். இருப்பு, இன்மை என்று இரண்டு வரித் தத்துவமும் சேர்த்துக்கொண்டேன். இப்போது படித்தால் உடம்பு கூசுகிறது.

அந்தப் படைப்புக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. சான்றிதழ் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடினால்தான் தெரியும். ஆனால் மேடையில் ஒரு நடுவர் கேட்ட கேள்வியும், அதற்கு நான் சொன்ன பதிலும் தேடாமலே வந்து எதிரே நிற்கின்றன. பதில் பொய் என்பதுகூட அவ்வளவு உறுத்தவில்லை. மேடையில் யார்தான் பொய் சொல்லவில்லை? அந்தப் பொய் அவ்வளவு அழகாக, அவ்வளவு சரளமாக, ஏற்கெனவே யாரோ தயாரித்து வைத்திருந்ததுபோல வாயில் வந்து விழுந்ததே, அதுதான் உறுத்துகிறது.

இத்தகைய போட்டிகள் வேண்டாம் என்று சொல்லும் கட்சி அல்ல நான். கண்ணாடி உலையை இரவில் அணைத்துவிட்டுக் காலையில் பற்றவைக்க முடியாது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது எரிந்துகொண்டே இருக்க வேண்டும். 2022-இல் எரிவாயு விலை தாறுமாறாக ஏறியபோது, 1291 முதல் வெனிஸின் கண்ணாடித் தொழில் குடியிருக்கும் முரானோ தீவிலேயே பல உலைகள் அணைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு யுனெஸ்கோ, கையால் கண்ணாடி செய்யும் அறிவையும் திறனையும் மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. செக், பின்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஹங்கேரி, ஸ்பெயின் ஆகிய 6 நாடுகள் சேர்ந்து அதற்கு விண்ணப்பித்திருந்தன. பட்டியலில் பெயர் ஏறினால் உலை எரிந்துவிடாது. யாராவது வேலை கொண்டுவர வேண்டும். அந்த வகையில் ஒரு போட்டி, ஓர் உலைக்குச் சில நாள் வேலையும் நாலு பேர் கவனமும் கொண்டுவருகிறது என்றால் நல்லதுதான். எனக்குச் சிக்கல் அந்த இரண்டு கட்டங்களோடுதான்.

தரையில் ஒரு படம்

உலையின் தலைமைக் கைவினைஞரை எல்லோரும் மாஸ்டர் என்றே அழைத்தார்கள். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி பாதிதான். பெயர்ச்சொற்களும் எண்களும் கையசைவும் மீதியைப் பார்த்துக்கொண்டன. அவர் என்னை அழைத்த சொல்லுக்குத் தமிழில் ‘தம்பி’ என்றுதான் பொருள் சொல்ல வேண்டும்.

கணினியில் உருவாக்கிய படங்களை நல்ல தாளில் அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன். நிழல், பளபளப்பு, பின்னால் மங்கலாக ஒரு ஜன்னல் எல்லாம் இருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எங்கே தடிமன்?” எனக்குப் புரியவில்லை. கணினியில் சுவர் எல்லா இடத்திலும் 3 மில்லிமீட்டர். அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. சட்டைப்பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து, முழங்காலிட்டு, சிமெண்ட் தரையில் என் குப்பியை முழு அளவில் வரைந்தார். வெளிக்கோட்டை வரைந்த பிறகு உள்கோட்டை வரைந்தார். அடியில் விரல் தடிமன், மேலே போகப் போக மெலிவு, தோளில் சட்டென்று ஒரு சிறு உருட்டு. நான் வரைந்தது குப்பியின் தோல். அவர் வரைந்தது அதன் சதை.

தோள்மூலையைக் கட்டைவிரலால் அழித்து வளைத்தார். “இந்த மூலை கண்ணாடிக்குப் பிடிக்காது” என்றார். உருகிய கண்ணாடியின் பரப்பு இழுவிசை எந்தக் கூர்மையையும் உருட்டிவிடப் பார்க்கும். வலுக்கட்டாயமாக அச்சில் வைத்து ஊதி மூலையை வரவழைத்தால், அங்கே சுவர் மெலிந்துபோகும். மெலிந்த இடம் முதலில் குளிரும், தடித்த இடம் பிறகு குளிரும், இரண்டுக்கும் நடுவே இழுபறி. அந்த இழுபறி என்றைக்காவது ஒருநாள் விரிசலாக வெளியே வரும். ஆக, நான் ‘மரபு’ என்று எழுதிய செங்கோணத் தோள், என் படத்தில் இருந்த கூர்மையோடு எந்த மரபிலும் இல்லை. படத்தில் பார்த்த பழைய குப்பிகளின் தோளில் இருந்த மெல்லிய உருட்டை என் கண் கவனிக்கவே இல்லை.

அடுத்து நடுக்கோட்டைத் தொட்டு ஒரு சொல் சொன்னார்: இன்கால்மோ. இரண்டு வெவ்வேறு குமிழ்களைத் தனித்தனியாக ஊதி, வாயைத் திறந்து, சூட்டோடு சூடாக விளிம்போடு விளிம்பு பொருத்தும் முறை. முரானோவில் நூற்றாண்டுகளாக இருப்பது. 1960-களில் பின்லாந்து வடிவமைப்பாளரான தாபியோ விர்க்கலா முரானோவின் வெனினி உலைக்குப் போய், இதே முறையில் இரண்டு நிறம் சேர்ந்த சாடிகளைச் செய்திருக்கிறார். அவர் அதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று எந்தப் படிவத்திலும் எழுதியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். என்னுடைய ‘தற்காலச் சிந்தனை’ இப்படியாக முதல் ஒரு மணி நேரத்திலேயே தரையில் சாக்பீஸ் தூளாகிவிட்டது. படிவம் மட்டும் அப்படியே நடுவர்களிடம் இருந்தது.

மூன்று நாள், மூன்று குப்பி

எங்களுக்குக் கொடுத்திருந்தது 3 நாள். முதல் நாள் தவறு முழுக்க என்னுடையது. நான் பிடிவாதமாக ஒரு கறுப்புக் கண்ணாடியை வாங்கிவந்திருந்தேன். அதன் ஆழம் எனக்குப் பிடித்திருந்தது. மாஸ்டர் அதன் உறையில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, “இது வேறு குடும்பம்” என்றார். உலையில் இருந்த தெளிந்த கண்ணாடி 96, என் கறுப்பு 104. சூட்டில் எவ்வளவு விரியும், ஆறும்போது எவ்வளவு சுருங்கும் என்பதற்கான எண் அது. ஜாதகம் பார்ப்பதுபோல இந்தத் தொழிலில் எண் பார்த்துத்தான் கண்ணாடியைச் சேர்க்கிறார்கள். எட்டு எண் வித்தியாசம் என்ன செய்துவிடும் என்று நான் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார். சொல்லிப் பயனில்லாதவனுக்குச் செய்து காட்டுவது என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்ததை விவரிக்காமல் போக மனமில்லை. 1100 டிகிரிக்கு அருகில் இருக்கும் உலைக்குள் ஊதுகுழலை நுழைத்து, தேனில் குச்சியைச் சுற்றுவதுபோலச் சுற்றிக் கண்ணாடிக் குழம்பை எடுக்கிறார்கள். குழல் உலைக்குள் போன நொடி முதல் வேலை முடியும்வரை சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். பேசும்போதும், நடக்கும்போதும், வியர்வையைத் தோளில் துடைக்கும்போதும் இடது கை குழலை உருட்டிக்கொண்டே இருக்கிறது. நிறுத்தினால் குழம்பு தொங்கும். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவதும், கடைசிவரை திட்டித்திட்டி நினைவூட்டுவதும் இதைத்தான். நனைத்து மடித்த செய்தித்தாள் கத்தை ஒன்றை உள்ளங்கையில் வைத்து, அதன்மேல் எரியும் கண்ணாடியை உருட்டி மாஸ்டர் உருவம் கொடுத்தார். தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நீராவி சீறியது. கருகிய காகித வாசனை. உள்ளங்கைக்கும் அந்தச் சூட்டுக்கும் இடையில் பத்துப் பதினைந்து பக்கச் செய்திகள்தான். இன்னொன்று எனக்கு அதுவரை தெரியாது. சூட்டில் கறுப்பும் தெளிவும் ஒரே ஆரஞ்சு நிறம். என் வடிவமைப்பின் உயிரே நிற வேறுபாடுதான். ஆனால் செய்கிறவருக்கு அது கண்ணுக்கே தெரியாது.

குப்பியை இரவு முழுக்க ஆறவைக்கும் உலையில் வைத்தார்கள். 500 டிகிரிக்குச் சற்று மேலிருந்து, படிப்படியாக, அவசரமில்லாமல் சூடு இறங்கும். (கலிபோர்னியாவின் பாலோமர் தொலைநோக்கிக்காக 1934 டிசம்பரில் கார்னிங் ஆலையில் வார்த்த 200 அங்குலக் கண்ணாடி வட்டை ஆறவைக்க ஏறத்தாழ 10 மாதம் ஆனது. எங்களுடையது ஓர் இரவு.) காலையில் கதவைத் திறந்தபோது கறுப்பும் தெளிவும் சேரும் கோட்டிலேயே, அளவெடுத்து அறுத்ததுபோல, சுற்றி ஒரு விரிசல். மாஸ்டர் மேல்பாதியைத் தூக்கினார். மூடியைத் திறப்பதுபோல வந்தது. அதை என் கையில் கொடுத்துவிட்டு, உலைக்கு ஏற்ற கறுப்பை எடுத்துவரப் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டாம் நாள் இரண்டு பாதியும் சரியாகத்தான் சேர்ந்தன. தெளிந்த பாதி ஒரு திடக் கம்பியில் உதவியாளர் கையிலிருந்து வந்தது, கறுப்புப் பாதி மாஸ்டரின் குழலில் இருந்தது. காலிப்பரால் இரண்டு விளிம்பையும் அளந்தார்கள். விளிம்புகள் தொட்டன, கம்பியைத் தட்டி விடுவித்தார்கள். ஆனால் மறுபடி சூடுகாட்டியபோது ஒரு பக்கம் கூடுதலாக இளகி, தெளிந்த பாதி லேசாகச் சாய்ந்தது. மாஸ்டர் வேகமாகச் சுழற்றி அதை நேராக்கப் பார்த்தார். மீண்டும் சூடு, மீண்டும் சுழற்சி, ஈரத்தாள், இடுக்கி. பத்து நிமிடம் போராடியிருப்பார். பிறகு குழலை ஒரு தட்டுத் தட்டினார். குப்பி உடைசல் பெட்டியில் போய் விழுந்து நொறுங்கியது. தெளிந்த கண்ணாடி உடைசல் மறுபடி உலைக்குப் போகும். கறுப்பு கலந்ததற்கு அந்த வாய்ப்பும் இல்லை. அதற்குத் தனிப் பெட்டி.

மூன்றாம் நாள் அதே இடத்தில், அதே சாய்வு வந்தது. உதவியாளரான இளைஞர் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன். எனக்கு வயிறு கலங்கியது. இனி நாள் இல்லை. மாஸ்டர் உலை வாயிலிருந்து குழலை வெளியே எடுத்தார், இரண்டடி நடந்தார், இடது கையை நிறுத்தினார். குழல் சுழலவில்லை. உலைக்கூடத்தில் அதற்கு முன் நான் பார்த்தே இராத காட்சி அது. தெளிந்த பாதி மெல்லத் தலை கவிழத் தொடங்கியது. தூக்கத்தில் பக்கத்து இருக்கைக்காரரின் தோளில் சாய்கிறவரைப்போல, இடையிடையே தயங்கித் தயங்கி. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்று, இரண்டு, மூன்று விநாடி இருக்கும். பிறகு குழலை அரைச்சுற்று திருப்பினார். சாய்வு அந்த இடத்திலேயே உறைந்ததுபோல நின்றது. மீண்டும் சுழற்சி தொடங்கியது, இப்போது மிக மெதுவாக. கைப்பிடிக்கான குழம்பை எடுக்கட்டுமா என்று இளைஞர் கேட்டார். மாஸ்டர் வேண்டாம் என்று தலையசைத்தார். என்னை யாரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் கேட்டிருந்தால் நான் கைப்பிடி வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடியைத் தேய்த்துத் தட்டையாக்கி நிறுத்தியபோது, கறுப்புத் தலை ஒன்று தெளிந்த உடலின் மேல் ஒருபக்கமாகச் சாய்ந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. சேரும் கோடு கிடைமட்டமாக இல்லை. சரிந்து ஏறியது. மயிரிழை என்று நான் எழுதியிருந்த கோட்டில், ஓரிடத்தில் கறுப்பு தெளிவுக்குள் புகைபோல இறங்கியிருந்தது. என் படத்தில் இருந்த எதுவும் அதில் இல்லை. என் படத்தைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது.

மேடைப் பதில்

நடுவர் கேட்டது இதுதான்: இந்தச் சாய்வு உங்கள் வரைபடத்துக்குள் எந்தக் கட்டத்தில் வந்தது? மரபான குப்பி வடிவத்தை உடைத்த துணிச்சலான தற்காலச் சிந்தனை என்று அதற்கு முன்பே பாராட்டியும் விட்டார். நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, “ஒரு கட்டத்தில் கண்ணாடியே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்” என்றேன். கைதட்டினார்கள்.

கண்ணாடி முடிவு செய்யவில்லை. கண்ணாடியை அதன் போக்கில் விட்டிருந்தால் தரையில் ஒழுகியிருக்கும். முடிவு செய்தவர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார், அந்த விழாவுக்கென்று வாங்கியதுபோல விறைப்பாக இருந்த சட்டையில். மண் பேசியது, மரம் வழிகாட்டியது, கண்ணாடி முடிவெடுத்தது என்றெல்லாம் எங்கள் துறையில் அடக்கமாகச் சொல்லிக்கொள்வோம். கேட்க இனிமையாக இருக்கும். அந்த வாக்கியங்களின் உண்மையான வேலை ஓர் ஆளை வாக்கியத்திலிருந்து வெளியேற்றுவது. பொருளுக்குப் பெருமை கொடுத்தால் யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. காட்சிப் பீடத்தின் அட்டையில் என் பெயர் பெரிதாகவும், அதற்குக் கீழே பொடி எழுத்தில் ‘தயாரிப்பு: உலைக் குழுவினர்’ என்றும் இருந்தது. பிறகு அதில் ஒரு பெயரைச் சேர்க்க முடியுமா என்று ஏற்பாட்டாளர்களுக்கு எழுதினேன். கையேடு அச்சாகிவிட்டது என்று பணிவாகப் பதில் வந்தது. எழுதிவிட்டோம் என்ற நிம்மதியில் நானும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பழைய கதைகளைத் தோண்டத் தொடங்கினேன். என் குற்றத்துக்குத் துணை தேடினேன் என்றும் சொல்லலாம். இந்த வகைப் போட்டிகளில் இருந்து பிறந்தவற்றில் உலகப் புகழ் பெற்றது பின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோவின் சாடி. 1936-இல் பின்லாந்தின் கார்ஹுலா–இட்டாலா ஆலை, அடுத்த ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக நடத்திய போட்டிக்கு அவர் அனுப்பிய ஓவியங்களில் பிறந்தது அது. எஸ்கிமோ பெண்ணின் தோல் கால்சட்டை என்று பொருள்படும் ஒரு வேடிக்கைத் தலைப்போடு அனுப்பினார். பரிசு பெற்றது. 1937-இல் ஹெல்சிங்கியின் சவோய் உணவகத்துக்குப் போனது, அதனால் சவோய் சாடி என்றும் பெயர். அந்த அலையலையான சுவருக்குப் பின்லாந்தின் ஏரிக்கரைகள் காரணம் என்பார்கள். ஆல்டோ என்ற சொல்லுக்கே அலை என்று பொருள் என்பார்கள். ஆனால் வட்டமாகச் சுழற்றியே பழகிய கைகளை வைத்துக்கொண்டு, வட்டமில்லாத ஒன்றை ஊதியாக வேண்டுமே, அதை யார் எப்படிச் சமாளித்தார் என்ற கதை அவ்வளவு சொல்லப்படுவதில்லை. தொடக்கச் சோதனையில், நிலத்தில் குச்சிகளை நட்டு, அவற்றின் நடுவே கண்ணாடியை ஊதி, குச்சி தடுக்காத பக்கங்களில் பிதுங்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிறகு மர அச்சு. ஒவ்வொரு முறை ஊதும்போதும் மரம் கொஞ்சம் கருகும், அடுத்த சாடியின் வளைவு கொஞ்சம் மாறும். 1950-களில்தான் உலோக அச்சு வந்தது. அத்தனை ஆண்டுகள், கருகிக்கொண்டே போகும் அச்சுக்குள் எந்தச் சாடி தேறும், எது தேறாது என்று ஒவ்வொன்றாக முடிவு செய்த ஊதுகுழல்காரர்களின் பெயர் எந்த அட்டையிலும் என் கண்ணில் படவில்லை. இதில் இன்னொரு வேடிக்கை: போட்டி விதிப்படி வடிவம் ஆலைக்குச் சொந்தம் என்பதால் ஆல்டோவுக்கும் அதனால் பணம் கிடைக்கவில்லை. இதே நிறுவனத்தின் 1932 போட்டியில் அவருடைய மனைவி ஐனோ ஆல்டோவின் வளையம் வளையமான டம்ளர் இரண்டாம் பரிசுதான் பெற்றது. இன்றும் விற்பனையில் இருக்கிறது. இரண்டாம் பரிசுக்காரனுக்கு அதில் ஓர் அற்ப ஆறுதல்.

சரி, வடிவமைப்பாளரே கண்ணாடி ஊதிவிட்டால் இந்தப் பங்குச் சண்டை இருக்காதே என்று தோன்றும். அப்படியும் ஒருவர் நினைத்தார். 1962-இல் அமெரிக்காவின் டொலிடோ கலை அருங்காட்சியக வளாகத்தில் ஹார்வி லிட்டில்டன் ஒரு சிறிய உலையை நிறுவி, ஆலை இல்லாமல், குழு இல்லாமல், கலைஞர் தனியாகவே கண்ணாடி செய்ய முடியும் என்று காட்டப் பயிற்சிப் பட்டறை நடத்தினார். தனிக்கலைஞர் கண்ணாடி இயக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது என்று எல்லா வரலாறும் சொல்லும். உள்ளே போய்ப் பார்த்தால், முதலில் உருக்கிய கண்ணாடி ஊத வராமல் சொதப்பியிருக்கிறது. டொமினிக் லபினோ என்ற தொழிற்சாலை ஆராய்ச்சியாளர், கண்ணாடி இழை செய்யப் பயன்படும் கோலிக்குண்டுகளைக் கொண்டுவந்து உருக்கச் சொன்னார். அப்போதும் எப்படி ஊதுவது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கற்றுக்கொடுத்தவர் லிபி கண்ணாடி ஆலையிலிருந்து ஓய்வுபெற்றிருந்த ஹார்வி லீஃப்கிரீன் என்ற ஊதுகுழல்காரர். தனிமனிதக் கலையின் பிறப்புச் சான்றிதழிலேயே ஓர் ஆலைத் தொழிலாளியின் கைநாட்டு. இந்தத் தகவலைப் படித்த அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது, காரணம் விளங்கவில்லை.

அந்த இயக்கத்தின் பெரிய நட்சத்திரமான டேல் சிஹுலி 1976-இல் கார் விபத்தில் ஒரு கண்பார்வையை இழந்தார். 1979-இல் தோள்பட்டையும் அடிபட்டபின் குழலைக் கீழே வைத்துவிட்டார். அதன் பிறகு வந்த பிரம்மாண்டமான படைப்புகளெல்லாம் அவர் வரைய, குழு ஊதியவை. அவரைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. நான் அதில் சேரமாட்டேன். இயக்குகிறவரின் வேலையும் வேலைதான்.

ஒரு நண்பர் கட்டடக் கலைஞர். இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “கொத்தனார் பெயரை யார் கட்டடத்தில் எழுதுகிறார்கள்? நீ அந்தக் கிறுக்குக் குப்பியைக் கொண்டுபோகாமல் இருந்திருந்தால் அவர் சாய்த்திருக்கவே மாட்டார்.” இதில் உண்மை இருக்கிறது. அந்த மூன்று விநாடிகள் வருவதற்கு, செய்ய முடியாத ஒன்றைச் செய்யச் சொல்லி ஒருவன் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. மாஸ்டர் அதற்கு முன் அப்படி ஒரு சாய்ந்த குப்பியைச் செய்ததில்லை. என் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. கட்டங்கள் இடம் மாறிவிட்டன என்கிறேன். அருங்காட்சியகப் படங்களிலிருந்து பழசைச் சுரண்டிக்கொண்டு போனவன் நான். ஒரு தொழிலின் முதல் விதியை மீறி, அதுவரை இல்லாத ஒன்றை அங்கேயே முடிவு செய்தவர் அவர். மரபு என்று எழுதிய கட்டத்தில் என் பெயரும், தற்காலச் சிந்தனை என்ற கட்டத்தில் அவர் பெயரும் வந்திருக்க வேண்டும். நடுவர்கள் வெள்ளைப் பீடத்துக்கு முன்னால் நிற்பதற்குப் பதிலாக உடைசல் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் இது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். எவை பெட்டிக்குப் போகின்றன, எது போகவில்லை என்பதைப் பார்த்தாலே பாதித் தீர்ப்பு எழுதிவிடலாம்.

போன மாதம்

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பாதி மொழியில் மன்னிப்புக் கேட்பது எளிதல்ல. மேடை, கேள்வி, பதில் எல்லாவற்றையும் கையால் நடித்துக் காட்டினேன். அவருக்கு அந்தப் பதில் நினைவே இல்லை. அன்றைக்கு அரங்கத்தில் குளிராக இருந்தது என்பது மட்டும் நினைவிருந்தது. குப்பி இன்னும் உடையாமல் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். “கோடு?” என்றார். கோட்டிலும் விரிசல் இல்லை என்றேன். திருப்தியாகத் தலையாட்டினார். அடிப்பாகம் இன்னும் அரை விரல் தடித்திருக்க வேண்டும் என்று கட்டைவிரலைக் காட்டினார். தரையில் வேறு யாருக்கோ வரைந்த சாக்பீஸ் படம் இருந்தது. அதை மிதிக்காமல் சுற்றிப்போய் உட்கார்ந்தோம்.

அந்த மூன்று விநாடி என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். இரண்டு ஆண்டாக நான் சுமந்துகொண்டிருந்த கேள்வி. ஏதோ பெரிதாக வரும் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறவைக்கும் உலையின் கதவை அந்தப் பையன் இன்னும் திறக்கவில்லையே என்று நினைத்தாராம். அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஏமாற்றமும் வந்தது. அப்படியானால் அது வெறும் சமாளிப்புத்தானா? சாய்ந்ததைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் சாயவிட்டதா? என் நண்பர் சொன்னதுதான் சரியா?

திரும்பக் கிளம்பும்போதுதான் அது தோன்றியது. இரண்டாம் நாள் குப்பியும் அப்படித்தானே சாய்ந்தது, அதை ஏன் அப்படியே விடவில்லை, ஏன் உடைத்தீர்கள் என்று கேட்டேன். கேள்வி அவருக்குப் புரிய கொஞ்சம் நேரமானது. இரண்டு விரல் காட்டி, கையைச் சாய்த்து, உடைசல் பெட்டியைக் காட்டினேன். புரிந்ததும், இதையெல்லாமா கேட்பார்கள் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

“அது அசிங்கமாகச் சாய்ந்தது, தம்பி” என்று சொல்லிவிட்டு, குழலை எடுத்துக்கொண்டு உலைப் பக்கம் போனார்.